பஞ்சு வீட்டில் ஃபேன் போட்டது யார்

வசதி உள்ளவர்கள் கோடைக்குக் கொடைக்கானல் போவார்கள். என்னைக் கோம்பைக்கு அனுப்புவார்கள். அங்கே என் அத்தை வீடு இருந்தது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அந்த வீட்டுக்குள் காற்று நுழையக் கூடாது. ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி, சந்து தெரிந்த இடத்தில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்துவிட்டு, "லீவுக்கு வந்து இருந்துட்டுப் போ" என்று பிள்ளைகளைக் கூப்பிட்ட வீடு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். நானும் வருஷம் தவறாமல் போனேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஏறாத மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

எல்லாம் இலவம்பஞ்சு செய்த வேலை. மலையடிவாரத்தில் மாமாவுக்கு இலவ மரங்கள் இருந்தன. வெயில் ஏற ஏறக் காய் முற்றும். அதை உடைத்துப் பஞ்சை எடுத்துக் காயவைத்து, நடு வீட்டில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, தயிர் கடைகிற மத்து மாதிரி ஒரு கம்பை வைத்து அதைக் கடைவார்கள். விதை அடியில் விழும், பஞ்சு மேலே வரும். அப்படி விதை நீங்கிய பஞ்சுக்கு எடையும் கிடையாது, வெட்கமும் கிடையாது. யாராவது முந்தானையை உதறினால் போதும், எழுந்து கூடவே வந்துவிடும்.

அதனால் அந்த வீட்டில் நடப்பதற்கு ஒரு நடை இருந்தது. யாரும் ஓடக் கூடாது. துண்டை உதறக் கூடாது. விசிறி என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். கோபம் வந்தால்கூட மெதுவாகத்தான் வரவேண்டும். அத்தையும் மாமாவும் சண்டை போடுவதைப் பார்த்தால் கோயிலில் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனியில் மழை விழுந்து பஞ்சு மூட்டையெல்லாம் போடி ஊர்ப் பஞ்சு வியாபாரிக்குப் போன பிறகுதான், சேர்த்து வைத்ததையெல்லாம் இருவரும் சத்தம் போட்டுப் பேசித் தீர்ப்பார்களாம். அதைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

அத்தைக்கு ஒரே மகள். எனக்கு மதினி முறை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். அந்த வீட்டு நடை அவளுக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. அவள் கடந்து போனால் ஒரு துளி பஞ்சு அசையாது. நான் கடந்து போனால் பின்னால் ஒரு படையே வரும்.

அந்த வருஷம் மதினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். நல்ல பங்குனி வெயில் முடிந்து சித்திரை பிறந்திருந்தது. வருகிறவர்கள் வேர்த்துச் செத்துப்போனால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று மாமா பயந்து, உத்தமபாளையத்திலிருந்து ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் ஃபேன். வாசலை ஒட்டிய முன் வீட்டு அறையில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் உட்கார வைத்தார்கள். அதற்கு மாலை போடாததுதான் பாக்கி.

ஒரே ஒரு சிக்கல். அடுப்படி பின்னால் இருந்தது. முன் வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்ததுதான் பஞ்சு கொட்டியிருந்த நடு வீடு. அந்த வருஷத்து மகசூல் முழுக்க விதை நீக்கி, சுவரோரம் கட்டி வைத்த சில மூட்டைகள் போக மிச்சமெல்லாம் மூட்டை கட்டக் காத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்குக் கிடந்தது. மதினி காபித் தட்டோடு அதன் வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு மாமா ஒரு திட்டம் வைத்திருந்தார். விருந்தாளிகள் உட்கார்ந்ததும் நடு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போடுவது. காபி வரும் நேரம் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பது. பெண் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி போடுவது. மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். மதினியைக் கட்டிக்கொடுப்பதைவிட ஃபேனை நிறுத்திப் போடுவதில்தான் அவருக்குக் கவலை.

எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, தரகர். ஃபேன் சுற்றியது. காற்று முழுக்க அவர்களுக்கே போனது. நான் முக்காலிக்குக் கீழே, நடு வீட்டுக் கதவை ஒட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக அந்த ஃபேனைத் துடைத்தது நான். அதன் காற்று ஒரு சொட்டுகூட என் மேல் படவில்லை. வயிறு எரிந்தது.

மாமா எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார். "புள்ள காப்பி கொண்டு வருது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பவ்வியமாக உட்கார்ந்தார். எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபேனைப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. ஃபேனின் தலையைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினேன். அடுத்த தடவை போடும்போது காற்று எனக்கு வரட்டும் என்று கணக்கு. அதோடு விட்டிருந்தால் தேவலை. சுவிட்ச் கதவு நிலையை ஒட்டிச் சுவரில் இருந்தது. எக்கிக் கையை நீட்டினேன்.

ஃபேன் சுற்றியது.

என் பக்கம் என்றால் கதவுப் பக்கம். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்திருந்தது. காற்று என் தலைக்கு மேலே நடு வீட்டுக்குள் போனது. போன காற்று ஒரு வருஷத்து மகசூலைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

என்ன சொல்வது? சுருளி அருவி வெள்ளையாக விழும், பார்த்திருப்பீர்கள். இது படுத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தலைக்கு நன்றாக எண்ணெய் தேய்த்திருந்தார்; ஒரு நொடியில் அவருக்கு நரைத்துவிட்டது. தரகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் அதை விழுங்கிவிட்டார். மாப்பிள்ளை கையில் இருந்த மிக்சர் தட்டு தெரியவில்லை. ஆனாலும் கை மட்டும் தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தது. அவர் அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்ததாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் போய் விழுந்து, மூச்சு வந்ததும் முதல் காரியமாக மண்ணை வாரித் தூற்றினார்.

"இந்தக் காரியத்த எவ பண்ணாளோ, அவளுக்கும் என்னய மாதிரி மூச்சு முட்டணும்! முட்டி முட்டி நிக்கணும்!"

நான் அதற்குள் மூட்டைகளுக்கு நடுவில் புகுந்துவிட்டேன். உடம்பெல்லாம் வெள்ளை. தேடி வந்தவர்கள் என்னையும் ஒரு மூட்டை என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். அங்கேயே தூங்கியும் போய்விட்டேன். அவ்வளவு பெரிய குற்றம் செய்தவளுக்குத் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? வந்தது. இலவம்பஞ்சு அல்லவா.

விளக்குமாற்றுச் சத்தத்தில் விழித்தேன். அடுப்படியில் அத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போட்டது? சொல்லு! யாரு போட்டது?"

"நாந்தேம்மா."

மதினியின் குரல். இன்னும் நாலு அடி விழுந்தது. நான் மூட்டைக்குள் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு விழவேண்டிய அடியை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கினேன். அந்த வீட்டுச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மறுநாள் அப்பா வந்து கூட்டிப் போனார். அடுத்த கோடைக்குக் கூப்பிட்டார்கள். வயிற்று வலி என்றேன். அதற்கடுத்த கோடைக்குப் பல் வலி. அதற்கடுத்த வருஷம் பெரியவளாகிவிட்டேன், பொய் சொல்லவேண்டிய வேலை மிச்சம். மதினிக்கு நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவர், வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ஓடிவந்தேன். அத்தை செத்தபோது தெருவில் நின்று மாரடித்துவிட்டு, வாசல்படி மிதிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வீரபாண்டித் திருவிழாவில் மதினியைத் தூரத்தில் பார்த்தால் ராட்டினத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு தடவை ஒளிந்த இடத்தில் ராட்டினக்காரன் என்னை ஏற்றிவிட்டான். மேலே போய்ச் சுற்றும்போது ஊருக்கே தெரிந்தேன். அவள் கையை ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சர்க்கார் சம்பளக்காரன் பெண்டாட்டியாக மதுரையில் இருந்திருக்கவேண்டியவளை டீசல் வாசத்தில் தள்ளிவிட்டேனே என்று ஐம்பத்தாறு வருஷம் இது நெஞ்சில் கிடந்தது. நெஞ்சில் கிடந்தது என்று சும்மா சொல்லவில்லை. போன தை மாதம் எனக்கு இளைப்பு வந்துவிட்டது.

தேனியில் டாக்டரம்மா குழாயை வைத்து முதுகில் கேட்டார். "தூசி, பஞ்சு எதுவும் உங்களுக்கு ஆகாது பாட்டி. வீட்ல இலவம்பஞ்சு தலகாணி இருந்தா எடுத்துருங்க" என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தூசி இல்லை. மாப்பிள்ளை அம்மாவின் சாபம். கோம்பையிலிருந்து தேனிக்கு வர அதற்கு ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் இலவச பஸ்ஸில் மாறி மாறி வந்ததோ என்னவோ.

இதற்கு மருந்து மதினியிடம்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். போகவேண்டும், "நான்தான் போட்டேன்" என்று சொல்லவேண்டும், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும். செத்த பிறகு சொல்ல முடியாது.

தேனியிலிருந்து நேராக ஒரு பஸ்ஸில் காசு கொடுத்துப் போயிருக்கலாம். பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகு, காசு கொடுத்து உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது. அதனால் சின்னமனூரில் ஒரு பஸ், உத்தமபாளையத்தில் ஒரு பஸ் என்று மாறினேன். வீரபாண்டி அம்மன் கோயிலைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கும்பிட்டேன். "ஆத்தா, மதினி கையில வெளக்குமாறு இல்லாத நேரமாப் பாத்துக் கொண்டுபோய்ச் சேரு."

வீட்டுக்கு வெளியே நிறம் மாறியிருந்தது. தரைக்கு வழுவழுவென்று கல் போட்டிருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் வந்து, நாமே போய்ச் சாத்திவிடலாமா என்று கை போனது. முன் வீட்டில் மதினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் பச்சைத் தைலம். தலை முழுக்க வெள்ளை. இந்த முறை பஞ்சு இல்லை.

"யாரு அங்கன?"

"நாந்தேன் மதினி."

"நாந்தேன்னா? கரண்டு ரீடிங்கா?"

"ரீடிங் எடுக்க இம்புட்டுக் கெழவியவா அனுப்புவாக?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

"அடியே, ராட்டினக்காரி! வா, வா. கீழ எறங்கிட்டயா?"

அந்த வீட்டில் அவ்வளவு சத்தமான சிரிப்பை நான் கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றி உள்ளே வந்தேன். பழக்க தோஷத்தில் மெதுவாக, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டுதான் வந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"நல்லா கால வீசி நட. இப்ப பஞ்சுமில்ல ஒண்ணுமில்ல. மரத்தையெல்லாம் வெட்டித் தென்னையப் போட்டாச்சு. நடு வீட்ல ஏ.சி. போட்ருக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். காற்றே நுழையாத அறையில் காற்றை விலைக்கு வாங்கி மாட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். "மதினி, நா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இரு, அந்தச் சிறுக்கி மாமியா சோத்துல என்னத்தையோ கலக்குறா, பாத்துக்கிறேன்."

டி.வி.யில் கலந்து முடிக்கும் வரை காத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். இளைப்பு வந்துவிட்டது. மருந்தை எடுத்து வாயில் வைத்து இழுத்தேன்.

"என்னாடி அது, பீடியா?"

"மருந்து மதினி."

"எளப்பா? ஐயோ பாவம்." அவள் முகம் இளகியது. இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். அப்போது ஏ.சி. அறைக் கதவு வழியாக ஒரு பெண் வந்தாள். மதினியின் மகன் வழிப் பேத்தி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள்.

"அப்பத்தா, இவுகளா? லீவுக்கு வருவாகன்னு சொல்வயே?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப நீங்க ஃபேன் போட்ட அன்னைக்கு இங்கன இருந்தீகளா பாட்டி?"

பேரன் பேத்தி வரைக்கும் செய்தி போயிருக்கிறது. "இருந்தேன்" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை.

"சூப்பர்! எங்க அப்பத்தா எப்பிடிப் போட்டுச்சு? பயப்படவே இல்லையா?"

"யாரு?"

"எங்க அப்பத்தாதேன்! மாப்பிள்ள பிடிக்கலன்னு ஃபேனப் போட்டு எல்லாத்தையும் பஞ்சா அடிச்சு வெரட்டுச்சுல்ல? எங்க வீட்ல அதான் பேச்சே. யாருக்காச்சும் எது பிடிக்கலன்னாலும் 'ஃபேனப் போட்ருவேன்'னு சொல்லுவோம். எங்க அத்தை காலேஜுக்குப் போகக் கூடாதுன்னு தாத்தா மெரட்டினப்ப அப்பிடித்தேன் சொல்லி எதுத்துப் போச்சு. போன மாசம் எனக்கு ஒரு எடம் வந்துச்சு. அந்தாளு வேலைய விட்ரணும்னான். நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன். அப்பத்தாகிட்ட வந்து 'ஃபேனப் போட்டுட்டேன்'னேன். அப்பிடிச் சிரிச்சுச்சு!"

நான் மதினியைப் பார்த்தேன். அவள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். ஐம்பத்தாறு வருஷம் ஒரு பாவத்தைப் பத்திரமாகச் சுமந்து, மூன்று பஸ் மாறிக் கொண்டுவந்து இறக்கலாம் என்று பார்த்தால், அதை வேறு ஒருத்தி பட்டுச்சேலை மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஃபேனைப் போட்டவள் நான். சாபம் வாங்கி இளைத்துக்கொண்டிருப்பவள் நான். பேர் இவளுக்கா?

"இங்க பாருங்க பாட்டி" என்று பேத்தி என்னை எழுப்பிக் கூட்டிப்போனாள். கதவு நிலையை ஒட்டி, புதுப் பெயிண்டுக்கு நடுவில், அந்தப் பழைய கறுப்புச் சுவிட்ச், உருண்டைக் குமிழோடு அப்படியே இருந்தது. "வயரிங் மாத்துனப்ப எல்லாத்தையும் கழட்டுனாக. இத மட்டும் தொடக் கூடாதுன்னு அப்பத்தா சொல்லிருச்சு. கரண்டு கெடையாது, சும்மாதேன் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எங்கப்பா நம்பவே மாட்டேங்கிறாரு. 'எங்கம்மா எறும்பக்கூடச் சுத்திப் போகும். அது எங்கிட்டு ஃபேனப் போட்டுச்சு, சும்மா கத விடுது'ன்னு எல்லாரு முன்னாலயும் கேலி பண்றாரு. பாத்த சாட்சி ஒருத்தருகூட உயிரோட இல்லைங்கிறாரு. நீங்க இருக்கீகள்ல. சொல்லுங்க பாட்டி, நா வீடியோ எடுத்துக்கிறேன்."

போனை நீட்டிவிட்டாள். நான் திரும்பினேன்.

மதினி இப்போது என்னைத்தான் பார்த்தாள். விளக்குமாற்று அடிக்கு ஒரு சத்தம் போடாதவள். அவள் கண்ணில் பயம் தெரிந்தது. கையில் டி.வி. ரிமோட்டைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்துப்போயிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பஞ்சு அசையாமல் நடந்தவள். அவள் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது போல. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைமுறைப் பெண்கள் ஏறி வந்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் இளைப்பு போகும். கூடவே அதுவும் போகும்.

நான் போனைப் பார்த்தேன். முந்தானையைச் சரி செய்துகொண்டேன். வீடியோ என்றால் சும்மாவா.

"ஏப்பா, கேட்டுக்க. நா இதே இடத்துல, முக்காலிக்குக் கீழ உக்காந்துருந்தேன். உங்காத்தா இந்தக் கதவு எடுக்குல கைய விட்டு, இந்தச் சுவிட்ச, டொக்குனு போட்டுச்சு. எங்கண்ணால பாத்தேன். வெளக்குமாத்து அடி விழுந்தப்பக்கூட நாந்தேன் போட்டேன்னு சொன்னத எங்காதால கேட்டேன். உனக்கு வேற சாட்சி வேணும்னா அந்த மாப்பிள்ளையத் தேடிப் போ. இன்னும் மிக்சர் தின்னுக்கிட்டு இருப்பான்."

பேத்தி கையைத் தட்டினாள். அதை உடனே அப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் காபி போட உள்ளே போனாள். நான் வந்து நாற்காலியில் விழுந்தேன். வந்த காரியம் முடிந்தது, தலைகீழாக.

மதினி டி.வி.யை நிறுத்தினாள்.

"அம்புட்டையும் நேர்ல பாத்தயாக்கும்?" என்றாள் மதினி மெதுவாக.

"பொய்தேன் சொன்னேன் மதினி. போட்டது நானு. உங்களுக்கே தெரியும். எனக்காக அடி வாங்குனீக."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்காக நா எதுக்குடி அடி வாங்கணும்? எந்திரி. அந்தச் சுவிட்சுகிட்டப் போய் நில்லு."

நின்றேன். சுவிட்ச் என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"ஒம்பது வயசுல நீ என்னா ஒசரம்? எங்க வீட்டு ஒரலு ஒசரம் இருப்ப. எக்குனாலும் உனக்கு எட்டுமா?"

கையை இடுப்பளவுக்கு வைத்து, அங்கிருந்து மேலே நீட்டிப் பார்த்தேன். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு முழம் குறைந்தது. எக்கினேன், ஃபேன் சுற்றியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நடுவில் இருந்த ஒரு முழத்தை இத்தனை வருஷமாக நானே வளர்த்து ஒட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் உருப்படியாக ஒரு குற்றம் செய்தேன் என்று இருந்தேன். அதுவும் எட்டவில்லை. பெரிய மனசு பண்ணி ஒரு பொய் சொன்னேன். அதுவும் உண்மையாகப் போய்விட்டது.

"அப்ப ஏன் பயந்தீக?"

"பயப்படாம? நீ என்னத்தச் சொல்லி வப்பயோ." மதினி வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளையோட அம்மா கதவுக்கு வெளிய உக்காந்து, பொண்ணு பல்லக் காட்டச் சொல்லுங்க, நடந்து காட்டச் சொல்லுங்கன்னுச்சு, மாட்டுச் சந்தையில கேக்குற மாதிரி. அந்தாளு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. கோவத்துல கைய விட்டுப் போட்டுட்டேன். ஃபேனு அவுக பக்கந்தான இருக்கு, ரெண்டு துளி பறந்து மூஞ்சியில ஒட்டும், அசிங்கமாகும்னுதேன் நெனச்சேன். வீட்டையே தூக்கிட்டு வரும்னு யாரு கண்டா? மகசூலு போச்சேன்னு எங்கம்மா அடிச்சுச்சு. ஊருல என்னமோ நா பெரிய திட்டம் போட்டுப் பண்ணுன மாதிரி பேசுனாக. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் வச்சுக்கிட்டேன்." அவள் ரிமோட்டால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "அம்பத்தாறு வருசமா ஒண்ணு மட்டும் வெளங்கல. அவுக பக்கம் பாத்துக்கிட்டு இருந்த ஃபேனு கதவுப் பக்கம் எப்பிடித் திரும்புச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏண்டி?"

"புழுக்கமா இருந்துச்சு மதினி."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலி குலுங்கியது. அடக்கி அடக்கி, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். நான் பயந்துபோய் என் மருந்தை நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"எனக்கெதுக்கு? இந்த வயசுக்கு எனக்கு ஒரு இருமல்கூட வந்ததில்ல. பாத்தயா, அந்தம்மா சாபம் எம்புட்டு வெவரமா ஆளத் தேடி வந்துருக்குன்னு!"

பேத்தி காபி கொண்டு வந்தாள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். "உங்க பாட்டி பழைய கதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கு" என்றாள் மதினி. நானும் தலையை ஆட்டினேன். காபி நன்றாக இருந்தது. மிக்சர் வைத்தார்கள். நான் தொடவில்லை.

கிளம்பும்போது மதினி தட்டுமுட்டுச் சாமான் அறையிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவரச் சொன்னாள். கடைசியாக வெட்டின மரத்துப் பஞ்சாம். என் மடியில் வைத்தாள்.

"எனக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காக மதினி."

"ஆகாதுன்னுதேன் தாரேன். நீ ஃபேனத் திருப்பி வச்சதுக்கு. வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். உத்தமபாளையம் வரைக்கும் பன்னிரண்டு தும்மல், அங்கிருந்து சின்னமனூருக்கு ஒன்பது. ஒவ்வொரு தும்மலுக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, அத மேல வச்சுட்டு உக்காரலாம்ல?" என்றார்.

வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு தேனி வந்து சேர்ந்தேன்.